அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கான ஆடு இப்போதே பிறந்திருக்க வேண்டும்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது எங்கள் ஊருக்கு ஆடு ஏற்றிய லொறி ஒன்று வந்தது. பக்கத்து வீட்டு நானா கூப்பிட்டதால் நானும் போனேன். லொறியிலிருந்து இறக்கிய ஆடுகள் நிற்க முடியாமல் தள்ளாடின. கூட வந்த மௌலவி ஒரு செம்மறியின் உதட்டை விலக்கிப் பார்த்தார். எட்டும் பால் பற்கள். ஒரு வயது முடிந்துவிட்டது என்று விற்பவர் சொன்னார். நான் முதுகெலும்பின் மீது கையை வைத்தேன். சீப்பின் பற்களைத் தடவுவது போல இருந்தது. வேறு ஆடு இல்லை, நாளும் இல்லை. கேட்ட விலைக்கு நானா வாங்கிக்கொண்டு போனார்.

ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. அந்தக் கடைசி மூன்று நாட்களில் வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல ஆடு ஒன்று உருவாவதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை வாங்குகிற நாம் யோசிப்பதே கிடையாது.

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி உழ்ஹிய்யாவுக்கான செம்மறிக்கு ஒரு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே முன்பல் விழுந்திருக்க வேண்டும். வெள்ளாட்டுக்கு இரண்டு வயது. சந்திர வருடம் 354 நாட்கள். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். இரண்டையும் கூட்டினால் 504 நாட்கள், அதாவது கிட்டத்தட்ட 17 மாதங்கள். அடுத்த வருடம் நாம் அறுக்கப்போகும் செம்மறி இன்று ஏதோ ஒரு பட்டியில் பிறந்து நிற்க வேண்டும். வெள்ளாடு என்றால் அதற்கும் ஒரு வருடம் முன்பே பிறந்திருக்க வேண்டும்.

2020இல் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அனுமதி வழங்கியபோது, இனி ஆட்டுக்குத்தான் போக வேண்டும் என்று பள்ளிவாசல் திண்ணைகளில் நிறையப் பேசினோம். ஆட்டை யார் வளர்ப்பது என்ற பேச்சு மட்டும் எழவில்லை. அந்த நாட்களில்தான் நான் ஏழு செம்மறிகளை வாங்கினேன்.

ஏழில் ஐந்து செத்த கதை

நான் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்று, இருபது வருடமாக அதையே கற்பிப்பவன். பண்டாரவளையிலிருந்து வெலிமடைப் பக்கம் போகும் சரிவில் மாமாவின் இரண்டு ஏக்கர் காணி தரிசாகக் கிடந்தது. புல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். வரண்ட வலயத்திலிருந்து ஆறு மறிகளும் ஒரு கடாவும் வந்து சேர்ந்தன. யாழ்ப்பாண நாட்டுச் செம்மறி வகை. உருவத்தில் சிறியது, வெயிலையும் வரட்சியையும் தாங்கக்கூடியது.

ஆனி, ஆடி மாதங்களில் ஊவாவில் காற்றும் வெயிலும்தான். ஆடுகள் நன்றாக நின்றன. ஒக்டோபரில் மழை பிடித்தது. நவம்பர் நடுப்பகுதியில் ஒரு மறி காலையில் எழும்பவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று. இன்னொன்றுக்குத் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போல வீங்கியிருந்தது. கழிச்சல் இல்லை, இருமல் இல்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். கண்ணூறு என்று ஓதிப் பார்த்தவர்களும் உண்டு. நான் சாக்குப் படுதா கட்டினேன், இரவில் நெருப்பு மூட்டினேன்.

பக்கத்துத் தோட்டத்து லயத்தில் ஐம்பது வருடமாக ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஓர் ஆட்டைப் பிடித்து, கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துக் காட்டினார்.

"சேர், இது குளிரு இல்லீங்க. இங்க பாருங்க, காகிதம் மாதிரி வெளுத்துப் போயிருக்கு. ஆட்டுக்கு ரத்தமே இல்ல."

செத்த ஆட்டை அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டு போனேன். அவர் நான்காம் இரைப்பையைத் திறந்து காட்டினார். உட்சுவர் முழுக்க நூல் நூலாகப் புழுக்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளம். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கும். அதனால் மேல்நாட்டில் முடிவெட்டும் கடை வாசலில் நிறுத்தும் சிவப்பு வெள்ளைக் கம்பத்தின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானப் பெயர் ஹீமொங்கஸ் கொன்டோர்டஸ்.

இந்தப் புழு ஒன்று ஒரு நாளில் குடிக்கும் இரத்தம் ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லிலீற்றர், முப்பது நாளில் 1500 மில்லிலீற்றர். 25 கிலோ எடையுள்ள செம்மறியின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். இந்தக் கணக்கை வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன். என் ஆடுகளுக்கு அதைச் செய்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஏழில் இரண்டுதான் மிஞ்சின.

புழு புல்லில்தான் காத்திருக்கிறது

ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். அவை புழுக்கையோடு நிலத்தில் விழுகின்றன. ஈரமும் இளஞ்சூடும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரித்து, தொற்றக்கூடிய குடம்பியாக வளர்ந்துவிடும். அது பனித்துளியிலும் மழை ஈரத்திலும் புல்லின் மீது ஏறும். பெரும்பாலும் நிலத்திலிருந்து ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் உயரம் வரைதான். அந்தப் புல்லை ஆடு தின்றால், மூன்று வாரத்தில் அந்தக் குடம்பி முட்டையிடும் புழுவாகிவிடும்.

வரண்ட வலயத்து வெயிலில் குடம்பிகள் காய்ந்து சாகும். எங்கள் மலைச்சரிவிலோ காலை ஒன்பது மணி வரை பனி காயாது. ஒரே காணியில் நாள் முழுக்க, மாதக்கணக்கில் அவிழ்த்துவிட்டு, புல்லை நிலத்தோடு கரம்ப விட்டேன். அதாவது, ஆடுகள் போட்ட புழுவை அவற்றுக்கே திரும்ப ஊட்டிக்கொண்டிருந்தேன்.

மேய்ச்சலை மாற்றினால் இந்தச் சுற்றை உடைக்கலாம். ஈரமான வெப்ப நாடுகளுக்காக பீஜித் தீவில் 1990களில் ஒரு முறையைப் பரீட்சித்தார்கள். மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் ஆடுகளை விட்டார்கள். முட்டை தொற்றும் நிலைக்கு வளர்வதற்குள் ஆடு அடுத்த துண்டுக்குப் போய்விடும். ஒரு மாதம் கழித்து முதல் துண்டுக்குத் திரும்பும்போது, அங்கிருந்த குடம்பிகளில் பெரும்பாலானவை பட்டினியால் செத்திருக்கும்.

பண்டாரவளை 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. குளிரில் குடம்பி மெதுவாக வளரும், மெதுவாகவே சாகும். அதனால் நான் பன்னிரண்டு துண்டு போட்டு, துண்டுக்கு நான்கு நாள் விடுகிறேன். ஒரு துண்டுக்கு 44 நாள் ஓய்வு கிடைக்கிறது. வேலிக்குக் கிளிரிசிடியாக் கதியால் நட்டேன். அதன் இலையையே வெட்டித் தீனியாகவும் போடுகிறேன். முதலில் முகர்ந்துவிட்டு ஒதுக்குவார்கள், ஒரு நாள் வாட வைத்துக் கொடுத்தால் பழகிக்கொள்வார்கள்.

இதோடு மூன்று பழக்கங்களையும் சேர்த்துக்கொண்டேன். பனி காயும் முன் திறப்பதில்லை. புல் நான்கு விரல் உயரத்துக்கு வந்தவுடன் அடுத்த துண்டுக்கு மாற்றுகிறேன். மழை மாதங்களில் மேய்ச்சலைக் குறைத்து, கோயம்புத்தூரிலிருந்து நம் நாட்டுக்கு வந்த கோ-3 புல்லையும் பலா இலையையும் முள்முருக்கையும் கொட்டிலிலேயே கொடுக்கிறேன். ஊவாப் பத்தனைகளில் தானாக வளரும் மானாப்புல்லை நம்பிப் பயனில்லை. முற்றினால் ஆடு அதைத் தொடாது.

மருந்து எல்லா ஆட்டுக்கும் வேண்டாம்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லா ஆட்டுக்கும் பூச்சி மருந்து ஊற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மருந்துகள் பெரும் வரப்பிரசாதம்தான். ஐவர்மெக்டின் மருந்துக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புக்காக சத்தோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி கொடுத்தால் மருந்துக்கு அஞ்சாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். தென்னாபிரிக்காவில் அப்படி மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போனபோது, கண் இமையின் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை உருவாக்கினார்கள். கடும் சிவப்புக்கு 1, காகித வெள்ளைக்கு 5. பொதுவாக 4, 5 உள்ள ஆட்டுக்குத்தான் மருந்து. குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் 3 என்றாலே கவனிக்க வேண்டும். தோட்டத்துப் பெரியவர் எனக்குப் பெருவிரலால் காட்டியதும் இதைத்தான்.

ஒரு மந்தையில் சில ஆடுகள்தான் பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. மழைக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எல்லா இமைகளையும் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறேன். திரும்பத் திரும்ப மருந்து கேட்கும் ஆட்டிலிருந்து குட்டி எடுப்பதில்லை. மருந்தின் அளவை எடை பார்த்தே தீர்மானிக்க வேண்டும். குறைவாக ஊற்றுவது புழுவுக்குப் பயிற்சி கொடுப்பது போன்றது. அல்பென்டசோல் மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக்கூடாது. அறுக்கப்போகும் ஆட்டுக்கு மருந்து கொடுத்தால், இறைச்சி உண்ணும் முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஹலாலான இறைச்சி தூய்மையானதாகவும் இருக்க வேண்டும் அல்லவா?

செம்பும் ஈரமும்

தேயிலைப் பிரதேசத்தில் செம்மறி வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. செம்மறியின் ஈரல் செம்பைச் சேர்த்து வைக்கும், எளிதில் வெளியேற்றாது. மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் தாங்கக்கூடிய அளவு செம்மறிக்கு நஞ்சாகும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் திடீரென்று கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, ஓரிரு நாளில் செத்துவிடும்.

1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயைக் கட்டுப்படுத்தத் தேயிலைக்குச் செம்பு கலந்த மருந்து தெளிப்பது வழக்கமாயிற்று. அப்படித் தெளித்த மலைகளில் வெட்டிய புல்லைச் செம்மறிக்குப் போடாதீர்கள். மாட்டுக்கும் கோழிக்கும் விற்கும் தாதுக் கலவைகளையும் போடாதீர்கள், அவற்றில் செம்பு சேர்த்திருப்பார்கள். செம்மறிக்கென்று உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கொட்டிலை நிலத்திலிருந்து மூன்று நான்கு அடி உயர்த்தி, பலகைகளுக்கிடையே புழுக்கை விழும் அளவுக்கு இடைவெளி விட்டுக் கட்டினேன். குளம்பு காய்ந்திருந்தால் குளம்பழுகல் வராது. நொண்டினால் குளம்பை வெட்டிச் சுத்தம் செய்து, பத்து வீத சிங்க் சல்பேட் கரைசலில் நிறுத்துகிறேன். இரவில் நாய்கள் எட்டாது. கீழே சேரும் புழுக்கையை மரக்கறித் தோட்டக்காரர்கள் மூட்டைக் கணக்கில் வாங்குகிறார்கள்.

செம்மறி வரண்ட பூமிக்குத்தான் என்பவர்களுக்கு நீலகிரியைச் சொல்வேன். நம்மைப் போலவே தேயிலையும் மழையும் மூடுபனியும் உள்ள அந்த மலையில், சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் செம்மறி ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்துகிறது. நீலகிரிச் செம்மறி என்றே ஓர் இனம் அங்கே உண்டு. மலையில் வளர்க்கலாம், மலையின் முறைப்படி வளர்க்க வேண்டும்.

நல்ல கடாவை முதலில் அறுத்துவிடுகிறோம்

இந்த ஐந்தாறு வருடத்தில் நான் கற்ற பெரிய பாடம் இதுதான். பெருநாள் வந்தால் பட்டியில் இருக்கிற ஆக உயரமான, ஆகக் கொழுத்த கடாவைத்தான் கேட்பார்கள். நல்லதை அறுப்பது நன்மைதான். ஆனால் அது ஒரு மறியோடும் சேர்வதற்கு முன்பே போய்விடுகிறது. விலைபோகாத மெலிந்த கடாதான் மிஞ்சி, அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. இதைப் பத்து வருடம் செய்தால் மந்தையே சிறுத்துப்போகும். மாணவர்களுக்கு இயற்கைத் தேர்வு கற்பிக்கும் நான், வருடா வருடம் நலிந்தவற்றைத் தேர்ந்தெடுக்கும் சந்தையில் நின்றுகொண்டிருந்தேன்.

இதற்குத் தீர்வு சுலபம். மிகச் சிறந்த கடாவை ஒரு பருவம் அல்லது இரண்டு பருவம் இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று வயதில் உழ்ஹிய்யாவுக்குக் கொடுங்கள். வயது நிபந்தனையும் பூர்த்தியாகும், அதன் வாரிசுகளும் பட்டியில் நிற்கும். ஒரு கடா 25 மறிகளுக்குப் போதும். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே மந்தையில் வைத்திருந்தால் தன் மகள்களோடேயே சேரும். குட்டிகள் பலவீனமாகும். அதற்குள் இன்னொரு பட்டிக்காரரோடு கடாவை மாற்றிக்கொள்ளலாம்.

கடாவைத் தேர்வு செய்யும்போது கொம்பைப் பார்க்காதீர்கள். கண் இமை சிவந்திருக்கிறதா, கால் நேரா, பற்கள் மேலண்ணத்தில் சரியாகப் பொருந்துகின்றனவா, இரண்டு விரைகளும் ஒரே அளவில் உறுதியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதாக வரும் எந்த ஆட்டையும் மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மந்தையோடு விடுங்கள்.

மறிகளைப் பொறுத்தவரை, வளர்ந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரும் முன் கடாவோடு சேர்க்கக்கூடாது. சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து தீனியைக் கூட்டினால் சினை நன்றாகத் தங்கும். சினையின் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி வயிற்றில் வேகமாக வளர்கிறது. நான் முதலில் அந்த நேரத்தில் தீனியைக் கூட்டாமல் விட்டு, ஒரு கிலோவுக்கும் குறைந்த குட்டிகளைப் பார்த்தேன். பிறந்த குட்டியின் தொப்புளுக்கு அயடீன் தடவி, முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் கடும்புப் பால் குடிக்க வைக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி தாயின் வயிற்றில் குட்டிக்குக் கிடைப்பதில்லை, அந்தப் பாலில்தான் கிடைக்கிறது. ஒரு நாள் கடந்துவிட்டால் குடல் அதை உறிஞ்சாது.

எந்த மாதத்தில் குட்டி பிறக்க வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். நம் செம்மறிகள் வருடம் முழுக்கப் பருவத்துக்கு வரும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறக்கும் குட்டி மழையிலும் புழுவிலும் மாட்டும். ஆகஸ்ட் கடைசியில் கடாவைச் சேர்த்தால் ஜனவரி கடைசியில் குட்டி. மழை விட்டிருக்கும், புல் பச்சையாக இருக்கும். 2027இலும் 2028இலும் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்தில் வருகிறது. ஜனவரியில் பிறந்த குட்டிக்கு அடுத்த வருட மே மாதம் 15 மாதத்துக்கும் மேலாகியிருக்கும். பெருநாள் வருடத்துக்கு 10, 11 நாள் முன்னே நகர்வதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

ஒவ்வொருவரும் ஆடு வளர்க்க முடியாது. எங்கள் ஊரில் நால்வர் சேர்ந்து சிறியதாக ஒன்று தொடங்கியிருக்கிறோம். பணத்தைப் பெருநாளுக்கு முந்திய வாரம் கொடுக்காமல், ஒரு வருடம் முன்பே மறிகளாக வாங்கி, வளர்க்கத் தெரிந்தவர்களிடம் பங்குக்கு விட்டிருக்கிறோம். பிறக்கும் குட்டிகளில் பாதி வளர்ப்பவருக்கு. மருந்துச் செலவும் வைத்தியச் செலவும் எங்களுடையது. குட்டி பிறந்த திகதியைக் காதில் போடும் இலக்கத்தோடு கொப்பியில் எழுதுகிறோம். பெருநாள் அன்று வயது பற்றிச் சத்தியம் செய்ய ஒருவரும் தேவையில்லை.

வளர்ப்பவர்களில் ஒருவர் அந்தத் தோட்டத்துப் பெரியவர். அவருக்குச் சொந்தமாக ஓரடி நிலம் இல்லை. கூலி போதாத வீட்டில் இரண்டு குட்டி விற்ற பணம் பேத்தியின் பாடசாலைச் செலவைத் தாங்குகிறது. நம் பெருநாளின் பணம் இப்படி ஒரு லயத்து வீட்டுக்கும் போகிறது.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். புழுக்கைப் பரிசோதனை, தடுப்பூசி, ஆட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தேவையான பத்திரங்கள் எல்லாவற்றையும் அங்கே கேட்கலாம். மூன்று, நான்கு ஆட்டுக்கு மேல் தொடங்காதீர்கள். ஒரு மழைக்காலத்தைக் கடந்த பிறகு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆடு வாங்க மட்டும் போகிறவர்களுக்கும் மூன்று விடயம். உதட்டை விலக்கிப் பாருங்கள்: நடுவில் இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால் ஏறக்குறைய ஒரு வயது கடந்திருக்கிறது. முதுகெலும்பைத் தடவுங்கள். இமையை இழுத்து நிறத்தைப் பாருங்கள். தெளிவான குருடு, தெளிவான நோய், தெளிவான நொண்டி, எலும்பில் மச்சையே இல்லாத மெலிவு ஆகிய நான்கும் உள்ள பிராணிகள் குர்பானுக்கு ஆகாது என்ற ஹதீஸை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த நான்காவது குறை பெரும்பாலும் புழுவினால் வருவது என்பதை நான் ஐந்து ஆட்டைப் புதைத்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

சேர் பின்னேரத்தில் ஆடு மேய்க்கிறார் என்று வகுப்பில் பிள்ளைகள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். ஆடு மேய்க்காத நபி ஒருவருமில்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அவர்களுக்குச் சொன்னேன். இப்போது சனிக்கிழமைகளில் நான்கைந்து பேர் காணிக்கு வருகிறார்கள். ஒருவன் ஆட்டைப் பிடிக்கிறான், ஒருத்தி இமையைப் பார்த்து இலக்கம் சொல்கிறாள், இன்னொருவன் கொப்பியில் எழுதுகிறான். மந்தையில் இப்போது பதினான்கு உருப்படி. கடந்த மழைக்காலத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வருகிற ஆகஸ்டில் கடாவைச் சேர்க்க வேண்டும். 2028 பெருநாளுக்கான வேலை அன்றிலிருந்து தொடங்குகிறது.